துப்பாக்கிக்கு மூக்குக் கண்ணாடி

சினிமாவில் நேயர்கள் பார்த்திருப்பார்கள். மலைச் சரிவில் ஒருவன் குப்புறப் படுத்திருக்கிறான். அவனுடைய துப்பாக்கியின் முதுகில் ஒரு சிறு குழாய் சவாரி செய்கிறது. குழாயில் அவன் கண்ணை வைத்ததும் வெள்ளித் திரை முழுவதும் ஒரே வட்டமாகிறது. வட்டத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கூட்டல் குறி. எங்கேயோ ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் வில்லனுடைய மீசை மயிரைக் கூட எண்ணிவிடலாம் போல் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. கூட்டல் குறி நகர்ந்து நகர்ந்து மீசையின்மேல் வந்து நிற்கிறது. அப்புறம் 'டுமீல்!' காரியம் முடிந்தது.

இதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்கள், அந்தக் குழாயின் பெருமையெல்லாம் தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டுவதில்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது இயல்பே. உண்மை வேறு. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் பிரிட்டிஷ் சைன்யம் உபயோகித்துப் பேர் வாங்கிய துப்பாக்கி டெலஸ்கோப் ஒன்று, பொருள்களை மூன்றே மடங்குதான் பெரிதாகக் காட்டிற்று. மேல்நாட்டு நாடகக் கொட்டகைகளில் சீமாட்டிகள் கையில் பிடித்துக்கொள்ளும் அலங்காரக் கண்ணாடியே ஏறக்குறைய அவ்வளவு பெரிதாக்கிக் காட்டும். அப்படியானால் யுத்தகளத்தில் அந்தக் குழாய்க்கு என்ன மகிமை? குழாயின் நடுப்பகுதியைக் கவனியுங்கள். தலைக்கு மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக, ரேடியோப் பெட்டியின் குமிழ்களைப்போல இரண்டு சின்னஞ்சிறு குமிழ்கள் இருக்கின்றன. சினிமாக்காரர்கள் அவற்றைக் காட்டுவதில்லை. காட்டினால் கதை ஓடாது. ஆனால் மகிமையெல்லாம் அந்த இரண்டு குமிழ்களிலும்தான் இருக்கிறது. அவற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதையே இங்கே சொல்லப் போகிறோம்.

அகிம்சையைப் பரம தர்மமென்று போதித்த தேசத்தில் கொலைக் கருவியைப் பற்றி இத்தனை ஆராய்ச்சியா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கலாம். நியாயமான சுளிப்புத்தான். ஆயினும், எல்லையில் பனியிலும் வெயிலிலும் நிற்கும் நம் சிப்பாயின் உயிர் இப்படிப்பட்ட ஒரு திருகாணியை நம்பியிருக்கும்போது, அந்தத் திருகாணியைத் தெரிந்துகொள்வதில் பாபம் ஒன்றும் இல்லை என்பது நம் அபிப்பிராயம். தவிரவும், அது பிறந்தது துப்பாக்கிக்காக அல்ல, ஆகாயத்தை அளப்பதற்காக. அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒரு தப்பு எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒருநாளும் நேர்கோட்டில் போவதில்லை. குழல் வாயை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே, மாங்காயைக் குறி வைத்துச் சிறுவன் எறிந்த கல்லைப்போல, பூமியை நோக்கி விழத் தொடங்கிவிடுகிறது. வேகம் அதிகமாதலால் விழுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பழைய லீ-என்பீல்டு துப்பாக்கியின் குண்டு வினாடிக்கு 2,440 அடி வேகத்தில் கிளம்பும். அப்படிக் கிளம்பியும், ஆயிரம் கஜத்துக்கு அப்பாலுள்ள இலக்கை அது அடைய வேண்டுமானால், குழலைச் சுமார் ஒரு பாகை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தாக வேண்டும். இருநூறு கஜத்துக்கு அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. அறுநூறு கஜத்துக்கு நடுத்தரமாகத் தூக்க வேண்டும். இதற்கு மேல், பக்கத்திலிருந்து காற்று அடித்தால் குண்டு காற்றோடு கொஞ்சம் ஒதுங்கும். ஆக, சுடுகிறவனுடைய கண் பார்க்கும் கோடு வேறு. குழல் நோக்கும் கோடு வேறு. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே உள்ள கோணத்தைத் தூரத்துக்கும் காற்றுக்கும் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு நுட்பமாகக் கூட்டிக் குறைப்பது? பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கமுள்ள வீடுகளில் பாகை, கலை, விகலை என்ற கணக்குப் புதிதல்ல. ஒரு பாகைக்கு 60 கலை. நூறு கஜ தூரத்தில் ஒரு கலை என்பது கிட்டத்தட்ட ஓர் அங்குல அகலம். அறுநூறு கஜத்தில் ஆறு அங்குலத்துக்குச் சற்று அதிகம். துப்பாக்கிக்காரர்களுக்கு அளவுகோல் இந்தக் கலைதான். கிரகங்களை அளக்கிற அதே கோலால் தோட்டாவையும் அளக்கிறார்கள்.

டெலஸ்கோப் இல்லாத சாதாரணத் துப்பாக்கியில் பின்பக்கம் ஒரு வெட்டுப் பள்ளமும், முன்பக்கம் ஒரு முளையும் இருக்கும். பள்ளம், முளை, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். முளையைப் பார்த்தால் இலக்கு மங்கும். இலக்கைப் பார்த்தால் முளை மங்கும். நாற்பது வயது தாண்டிப் பத்திரிகையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். டெலஸ்கோப் செய்யும் பேருபகாரம் இங்கேதான் இருக்கிறது. அது இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள்ளே ஓரிடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதே இடத்தில் ஓர் இழையைக் கட்டிவிட்டால், இழையும் இலக்கும் ஒரே தூரத்தில் இருப்பவைபோல் இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தெரிகின்றன. கண் அங்குமிங்கும் அலைய வேண்டியதில்லை. பெரிதாகத் தெரிவது இரண்டாம் பக்ஷமான லாபம்.

இந்த இழையைக் கண்டுபிடித்தவன் மனிதனல்ல, சிலந்தி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகில் வில்லியம் காஸ்காயின் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1640-ம் வருஷத்தை ஒட்டி, இரண்டு குவிந்த லென்ஸ்களை வைத்துக்கொண்டு சூரியனைப் பற்றி ஏதோ பரிசோதனை செய்துகொண்டிருந்தார். திறந்து கிடந்த கருவிக்குள்ளே ஒரு சிலந்தி புகுந்து நூல் இழுத்துவிட்டது. அந்த நூல் தற்செயலாகப் பிம்பம் விழும் இடத்திலேயே அமைந்திருந்ததால், சூரியன்மேல் கோடு போட்டாற்போல் அத்தனை தெளிவாகத் தெரிந்தது. வேறொருவராயிருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். காஸ்காயின் அதைப் பார்த்துப் பிரமித்தார், பிறகு யோசித்தார். பிம்பத்தின்மேல் ஒரு குறியை வைக்கலாம் என்றால், அந்தக் குறியை ஒரு நுண்ணிய திருகாணியால் நகர்த்தி, அது எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணினால், ஆகாயத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்துவிடலாமே! அப்படியே ஒரு கருவி செய்து சந்திரனையும் கிரகங்களையும் அளந்தார். துப்பாக்கி டெலஸ்கோப்பின் இரண்டு குமிழ்களுக்கும் மூதாதை அந்தத் திருகாணிதான். நட்சத்திரக்காரரான காஸ்காயின் 1644-ல் மார்ஸ்டன் மூர் யுத்தகளத்தில் அரசர் பக்ஷத்தில் நின்று போராடி மாண்டுபோனார். அவருடைய கருவியைப் பற்றி உலகத்தார் அறிந்தது அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபிறகு, பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதே கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடியபோதுதான்.

சிலந்தியும் தன் உத்தியோகத்தை எளிதில் விடவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து, இரண்டாவது யுத்த காலத்தில், கலிபோர்னியாவில் ஸாங்கர் என்னும் அம்மாள் வீட்டிலேயே சிலந்திகளை வளர்த்து, நூலெடுத்துக் கருவித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

நிற்க. குமிழைத் திருகினால் உள்ளே இழை எவ்வளவு நகர வேண்டும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேயர்கள் பயப்பட வேண்டாம். முன் லென்ஸுக்கும் பிம்பம் விழும் இடத்துக்கும் உள்ள தூரம் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறி ஒரு கலை மாற வேண்டுமானால் இழை நகர வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு. நம் தலைமயிரின் பருமனில் இது பாதி கூட இல்லை. இக்காலத்து நல்ல டெலஸ்கோப்புகள் ஒரு கலையை நான்காகப் பிரித்து, அதில் ஒரு பங்காக நகர்த்துகின்றன. அப்போது இழை நகரும் தூரம் மயிரில் பத்தில் ஒரு பங்கு! அதுவும் ஒரு தரம் நகர்ந்தால் போதாது. இன்று இருபது பங்கு மேலே போய், நாளைக்கு இருபது பங்கு கீழே வந்தால், புறப்பட்ட இடத்துக்கே அச்சு அசலாக வந்து சேர வேண்டும்.

சாதாரணத் திருகாணி இதைச் செய்யாது. பழைய சைக்கிளில் மிதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி முன்னுக்கு மிதித்துப் பாருங்கள். சங்கிலி பிடிப்பதற்கு முன் மிதி கொஞ்சதூரம் சும்மா சுற்றும். மரைக்கும் திருகாணிக்கும் இடையிலும் அந்த மாதிரி ஓர் ஆட்டம் எப்போதும் உண்டு. புதிதாயிருக்கும்போது குறைவு; தேயத் தேய அதிகம். மேல்பக்கம் திருகிக்கொண்டிருந்தவன் திசையை மாற்றிக் கீழ்பக்கம் திருகினால், குமிழ் சுற்றும், எண் மாறும், இழை மட்டும் அசையாது. சுடுகிறவனுக்கு இது தெரியவே தெரியாது. குமிழ் சொன்னதை நம்பிச் சுடுவான். குண்டு எங்கோ போகும்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் கண்டிருக்கிறார்கள். ஒன்று, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வில்லை வைத்து, இழை கட்டிய சட்டத்தை எப்போதும் திருகாணியின் ஒரே முகத்தோடு அழுத்தி வைப்பது. மற்றொன்று சிப்பாய்க்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம்: வேண்டிய எண்ணைக் கொஞ்சம் தாண்டிப் போய், பிறகு எப்போதும் ஒரே திசையிலிருந்து அதற்குத் திரும்பி வா. இரண்டாவது பரிகாரம் யந்திரத்தின் குறையை மனிதன் தலையில் கட்டுவதாகும் என்று சொன்னால் தவறில்லை. ஆனாலும் பல்லாண்டுகள் அதுவே வழக்கத்திலிருந்தது.

குமிழைத் திருகும்போது 'கிளிக், கிளிக்' என்று ஒரு சப்தம் கேட்குமே, அது என்ன? குமிழின் அடியில் வட்டமாகப் பற்கள் வெட்டி, அவற்றில் ஒரு சிறு வில்லோ குண்டுமணி போன்ற எஃகு உருண்டையோ விழுந்து விழுந்து எழும்படி அமைத்திருக்கிறார்கள். இருட்டில் எண்ணைப் பார்க்க முடியாதபோது விரலாலும் காதாலும் எண்ணிக்கொள்ளலாம் என்பது ஒரு சௌகரியம். துப்பாக்கி உதைக்கும்போது திருகாணி தானாகச் சுழன்றுவிடாமல் அந்தப் பல் பிடித்துக்கொள்கிறது என்பது அதைவிடப் பெரிய சௌகரியம்.

உதை! டெலஸ்கோப் செய்கிறவர்களின் ஜன்ம சத்ரு அதுதான். நுட்பமான கருவிக்கு ஓர் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் தஞ்சாவூரே சாட்சி. 1808-ம் வருஷம் கர்னல் லாம்டன் தேசத்தை அளந்துகொண்டு தஞ்சைக்கு வந்தார். அரை டன் கனமுள்ள அவருடைய பெரிய தியோடலைட், காஸ்காயின் கண்ட இழையும் திருகாணியும் கொண்ட டெலஸ்கோப்பைத் தாங்கியது. அதைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டித் தூக்கும்போது கயிறு ஒன்று அறுந்தது. கருவி போய்க் கற்சுவரில் மோதியது; கோணங்களை அளக்கும் பித்தளை வட்டம் நெளிந்துவிட்டது. லாம்டன் கூடாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இழுத்து அந்த வட்டத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார். அதே ஸர்வேயில் பிற்காலத்தில், லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட ஹென்றி பாரோ என்னும் கருவித் தொழிலாளி வகித்த ஸ்தானத்துக்கு நம் ஆர்க்காட்டைச் சேர்ந்த ஸையத் மீர் மொஹ்ஸின் ஹுஸேன் வந்தார் என்பதையும், அவரை அதற்குத் தகுதியானவர் என்று முன்னுக்குக் கொண்டுவந்தவர் ஸாக்ஷாத் எவரெஸ்ட் துரையே என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தியோடலைட்டுக்கு விழுந்தது ஒரே ஓர் அடி. செப்பனிட ஆறு வாரம். துப்பாக்கி டெலஸ்கோப்புக்கோ ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஓர் அடி விழுகிறது. துப்பாக்கி பின்னால் பாய்கிறது. லென்ஸும் இழையும் திருகாணியும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. ஆயிரம் தடவை உதைத்தபிறகும் மயிரில் பாதி கூட இடம் மாறக்கூடாது. கண்ணைக் குழாயோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும் கூடாது. மூன்று அங்குலமாவது தள்ளி வைக்க வேண்டும். அவசரக்கார வேட்டைக்காரர்கள் சிலருடைய புருவத்துக்கு மேல் பிறை வடிவில் ஒரு தழும்பு இருப்பதைக் கண்டால், அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வருத்தப்படுவார்கள்.

உதைக்கு அஞ்சி, முற்காலத்தில் அமெரிக்கர்கள் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தார்கள். குழாய்க்குள்ளே எதையும் அசைக்காமல், குழாய் முழுவதையுமே அசைத்தார்கள். நியூயார்க் ராஜ்யத்தில் ஸிரக்யூஸ் நகரத்து வில்லியம் மால்கம் 1855-ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கிய டெலஸ்கோப்புகள் புல்லாங்குழல் போல ஒல்லியாகத் துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே நீண்டு கிடந்தன. 1861-லிருந்து 1865 வரையில் நடந்த அவர்களுடைய உள்நாட்டு யுத்தத்தில் இம்மாதிரி டெலஸ்கோப்புகள் உபயோகமாயின. திருகாணி வெளியே, குழாயைத் தாங்கும் வளையத்தில் இருந்தது. பெரிதாகச் செய்யலாம், தேய்ந்தால் மாற்றலாம். இதே வம்சத்தில் வந்தது இரண்டாவது யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் வைத்திருந்த எட்டு மடங்கு உனெர்ட்டல் டெலஸ்கோப். அதன் குழாய் வளையங்களுக்குள் வழுக்கும்படி அமைந்தது. துப்பாக்கி உதைக்கும்போது குழாய் முன்னால் நழுவிக்கொடுக்கும். நாணல் வளைந்து கொடுக்கிறதல்லவா, அந்தத் தந்திரம். குறி சுடும் மைதானத்தில் இது மகா நேர்த்தி. சேற்றிலும் மணலிலும் உருளுகிறவனுக்குத்தான் தொல்லை. திறந்து கிடக்கும் திருகாணியில் மண் புகுந்தால் யார் துடைப்பது?

ஜெர்மானியர்கள் திருகாணியைக் குழாய்க்குள் வைத்து மூடினார்கள். அவர்களுக்கு அது இயற்கையாக வந்தது. ஜேனா நகரத்தில் 1884-ல் ஆட்டோ ஷாட் என்பவர் ஸெய்ஸ், அப்பே ஆகியவர்களோடு சேர்ந்து லென்ஸுக்கான கண்ணாடித் தொழிற்சாலை ஏற்படுத்தியதிலிருந்து, அத்தொழிலில் அவர்களுக்கு நிகர் அவர்களே. 1914-ல் யுத்தம் மூண்டபோது, காடுகளில் மான் வேட்டையாடிக்கொண்டிருந்த பிரபுக்களின் துப்பாக்கிகள் டெலஸ்கோப்புடன் அப்படியே பதுங்கு குழிகளுக்கு வந்துவிட்டன. பிரிட்டனின் நிலைமையோ பரிதாபம். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்துக்கு வேண்டிய லென்ஸ் கண்ணாடியில் பெரும் பகுதி யுத்தத்துக்கு முன் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியாகி வந்தது! 1915-ல் பிரிட்டிஷ் யுத்த தளவாட மந்திரி இலாகா, சுவிட்ஜர்லாந்தின் வழியாக அந்த எதிரியிடமே தூரதிருஷ்டிக் கண்ணாடிகளுக்குப் பேரம் பேசியது என்றும், அதற்கு மாற்றாக ஜெர்மனி ரப்பர் கேட்டது என்றும் அந்த இலாகாவின் சரித்திரமே சொல்லுகிறது. பதுங்கு குழியில் ஒருவர் தலையை ஒருவர் தேடிக்கொண்டிருந்த சமயத்தில் இந்த வியாபாரப் பேச்சு! ஒரு ஜாதியார் கப்பல் கட்டலாம், கோட்டை கட்டலாம். ஒரு சிறு கண்ணாடித் துண்டுக்காகச் சத்துருவின் வாசலில் போய் நிற்கவும் நேரலாம்.

கண்ணாடி வந்த பிறகும் பிரிட்டிஷ்காரரின் கஷ்டம் தீரவில்லை. ஹெஸ்கெத்-பிரிச்சர்டு என்பவர் நாவலாசிரியர், வேட்டைக்காரர், ஹாம்ப்ஷையர் கோஷ்டியில் வேகப் பந்து வீசிய கிரிக்கெட் வீரர். பிறந்தது நம் ஜான்ஸியில். அவர் பிரான்ஸ் களத்துக்குப் போய்ப் பார்த்தபோது, டெலஸ்கோப் வைத்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவை குறி கெட்டுக் கிடந்தன. குமிழ் எதற்கு என்று சிப்பாய்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் ஒரு குமிழ் அகப்பட்டால் மனிதன் திருகாமல் இருப்பானா? திருகித் திருகி எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, தோட்டாக்களை மேலிருந்து கொத்தாகப் போட வழிவிட வேண்டுமென்று டெலஸ்கோப்பை இடது பக்கமாக ஒதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். இரும்புத் தகட்டில் வெட்டிய சிறு துவாரத்தின் வழியாகத் துப்பாக்கியை நீட்டினால், குழல் துவாரத்துக்குள் போகும். டெலஸ்கோப் இரும்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அறைக்குள் உட்கார்ந்து படம் வரைகிறவர்களின் புத்திக்கு இது ஒரு மாதிரி. ஹெஸ்கெத்-பிரிச்சர்டு 1916-ல் இதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் வைத்து, குமிழைத் திருகக் கற்றுக்கொடுப்பதையே முதல் பாடமாக்கினார்.

அடுத்த யுத்தத்துக்குள் பிரிட்டிஷ்காரர் பாடம் கற்றிருந்தார்கள். முதலில் மூன்று மடங்கு டெலஸ்கோப் என்று சொன்னோமே, அது '32-ம் நம்பர்' என்று பெயர் கொண்டது. முதலில் அதைப் பிரென் என்னும் யந்திரத் துப்பாக்கிக்காகத்தான் செய்தார்கள். அந்த உத்தியோகம் அதற்கு நிலைக்கவில்லை. பிறகு 4-ம் நம்பர் லீ-என்பீல்டு துப்பாக்கியின்மேல் ஏற்றி வைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் துப்பாக்கிகளில் நன்றாகச் சுடுகிறவற்றைப் பொறுக்கி எடுத்து, 1942-லிருந்து லண்டனில் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியிடம் அனுப்பினார்கள். ராஜா மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து கொடுத்துப் பழகிய கைகள் அவை. துப்பாக்கியின் இடது விலாவில் இரண்டு எஃகு மேடைகளைத் திருகாணியால் இறுக்கி ஈயப் பற்றும் வைத்து, அவற்றின்மேல் டெலஸ்கோப் தாங்கியை இரண்டு கைத்திருகுகளால் பிணைத்தார்கள். அந்தத் தாங்கிகளைச் செய்து கொடுத்தவர்களில், மிட்டாய்களுக்குக் காகிதம் சுற்றும் யந்திரம் செய்துகொண்டிருந்த ரோஸ் பிரதர்ஸ் கம்பெனியும் ஒன்று. யுத்தம் வந்தால் மிட்டாய்க்காரருக்கும் வேலை மாறிவிடுகிறது. கண் உயரத்துக்குக் கன்னத்தைத் தாங்க ஒரு மரத்துண்டைக் கட்டையின்மேல் வைத்துத் திருகினார்கள்.

இந்தத் துப்பாக்கிக்கும் டெலஸ்கோப்புக்கும் நடந்தது விவாகமேதான். ஒரு டெலஸ்கோப்பை ஒரே துப்பாக்கிக்குச் சரிப்படுத்தி, அதன் நம்பரைத் துப்பாக்கிக் கட்டையிலேயே பொறித்துவிடுவார்கள். எண்ணிக்கை ஒன்றேயானாலும் பக்கத்துத் துப்பாக்கியின் டெலஸ்கோப்பை எடுத்து இதில் வைத்தால் பொருந்தாது; குறி மாறிவிடும். டெலஸ்கோப்புக்கென்று ஒரு தகரப் பெட்டி, எல்லாவற்றுக்குமாக ஒரு மரப் பெட்டி. புக்ககத்துக்குப் பெண்ணை அனுப்புகிற மாதிரிதான் அனுப்பிவைத்தார்கள்.

மேல் குமிழில் ஆயிரம் கஜம் வரையில் ஐம்பது ஐம்பது கஜமாகக் கோடு போட்டிருந்தது. பக்கக் குமிழில் இடப்புறம் பதினாறு கலை, வலப்புறம் பதினாறு கலை. முதல் மாதிரியில் பக்கக் குமிழ் ஒரு கிளிக்குக்கு இரண்டு கலை தாவிற்று. முந்நூறு கஜத்தில் இரண்டு கலை என்பது ஆறு அங்குலத்துக்கு மேல். மனிதத் தலையின் அகலம். ஒரு கிளிக்கில் ஒரு காதுப் பக்கம், அடுத்த கிளிக்கில் மறு காதுப் பக்கம். நடுவில் மூக்கு இருந்தால் அதற்குக் கிளிக் கிடையாது! 1943-ல் வந்த இரண்டாம் மாதிரியில் கிளிக்கை ஒரு கலையாகக் குறைத்தார்கள். அப்படியும் ஒரு துன்பம் மிஞ்சி நின்றது. புதிதாகக் குறி சரிப்படுத்தும்போது, எண் போட்ட வளையத்தை ஒரு கருவியால் பிடித்து, உள் திருகாணியை மற்றொன்றால் அசையாமல் நிறுத்தி, பூட்டையும் தளர்த்த வேண்டும். இதற்கு மூன்று கைகள் வேண்டும் என்று ஆயுதச் சாலைக்காரர்கள் நொந்துகொண்டார்கள். கார்த்தவீரியார்ஜுனன் பட்டாளத்தில் சேர்ந்திருந்தால் கவலையில்லை. 1944-ல் மூன்றாம் மாதிரி வந்தபிறகே இரண்டு கை மனிதர்களுக்கு விமோசனம் கிடைத்தது. அந்த மூன்றாம் மாதிரியே, கஜத்துக்குப் பதில் மீட்டர் எண் பொறிக்கப்பட்டு, பெயரும் மாற்றப்பட்டு, 1970-ல் புதுத் துப்பாக்கியின்மேல் ஏறியது. 1982-ல் பாக்லண்டுத் தீவு யுத்தத்துக்குக் கூடப் போய் வந்தது. யந்திர உலகத்தில் ஒரு டெலஸ்கோப்புக்கு இது தீர்க்காயுசுதான்.

அந்தக் காலத்து டெலஸ்கோப்புகளுக்குப் பொதுவான ஒரு குறை உண்டு. குமிழைத் திருகினால் இழையே நகர்வதால், வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய குறி மேலேயோ ஓரத்திலோ ஒதுங்கிப் போய் நிற்கும். சுடுகிறவன் கண் அறியாமலே வட்டத்தின் மத்தியைத் தேடும். குறி அங்கே இராது. யுத்தத்துக்குப் பிந்திய தலைமுறை இதை அழகாகத் தீர்த்தது. குழாய்க்குள்ளே ஒரு சின்னக் குழாய். தலைகீழான பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில் இருக்கின்றன. அதன் பின்முனையை எப்புறமும் அசையும் மூட்டில் பொருத்தி, முன்முனையைத் திருகாணி ஒரு பக்கமும் வில் மறுபக்கமுமாக நெருக்கும்படி செய்தார்கள். இப்போது குறி நடுவிலேயே வீற்றிருக்கிறது. உலகம்தான் அதற்குப் பின்னால் நகர்கிறது. வில் பலவீனமாயிருந்தால் மட்டும் தொல்லை. உதைக்குப் பிறகு உட்குழாய் சோம்பலாகத் திரும்பும். முதல் குண்டு ஓரிடம், அடுத்தது வேறிடம்.

இன்னொரு குறையை நேயர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜன்னல் கம்பிக்கு நேரே எதிர்வீட்டுத் தென்னைமரத்தை நிறுத்திப் பாருங்கள். தலையைச் சற்று நகர்த்தினால் கம்பி மரத்தைவிட்டு விலகிவிடும். பிம்பமும் இழையும் மிகச் சரியாக ஒரே இடத்தில் விழாத டெலஸ்கோப்பிலும் இப்படியே நடக்கும். கிட்டத்து இலக்கின் பிம்பம் ஓரிடத்திலும் தூரத்து இலக்கின் பிம்பம் வேறிடத்திலும் விழுவதால், இதைச் சரிக்கட்ட இந்நாளில் மூன்றாவதாகவும் ஒரு குமிழ் வைக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பள்ளமும் முளையுமே போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாட்சி சொல்லப் பின்லாந்தில் ஒருவர் இருந்தார். 1939-40 பனிக்கால யுத்தத்தில் ருஷ்யர்களைக் கதிகலங்க வைத்த ஸிமோ ஹைஹா டெலஸ்கோப்பை உபயோகிக்கவில்லை. டெலஸ்கோப் வைத்தால் தலையைக் கொஞ்சம் உயரத் தூக்க வேண்டும். குளிரில் கண்ணாடிமேல் பனி படியும். சூரிய வெளிச்சத்தில் லென்ஸ் மின்னிக் காட்டிக்கொடுக்கும். கூரிய கண்ணும் அசையாத கையும் பிறவியிலேயே வாய்த்தவருக்கு அது சரி. பட்டாளம் முழுவதையும் ஹைஹாக்களாகப் பெற்றெடுக்க எந்தத் தேசத்தாலும் இயலாது.

நம் தேசத்தில் இத்தொழில் புதிதல்ல. ஸர்வேக்காக 1830-ல் கல்கத்தாவில் கருவிச் சாலை ஏற்பட்டது. இரண்டாவது யுத்தத்தின் நடுவில், 1943-ல், தேராதூனில் சைன்யத்துக்கு வேண்டிய லென்ஸ் கருவிகளைச் செய்யும் தொழிற்சாலை உண்டாயிற்று. இமயத்தின் அடிவாரத்தில் இன்றும் கண்ணாடி தேய்கிறது. திருகாணி மரை வெட்டப்படுகிறது. 1915-ல் சுவிட்ஜர்லாந்தில் நடந்த பேரத்தை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு, தேராதூனின் அருமை நாம் விளக்காமலே தெரியும்.

இக்காலத்தில் மின்சாரக் குறிகளும், தூரத்தைத் தானே அளந்து கணக்குப் போடும் டெலஸ்கோப்புகளும் வந்துவிட்டன. இருந்தும் நல்ல டெலஸ்கோப்பின் தலையிலும் விலாவிலும் அந்த இரண்டு குமிழ்கள் போகவில்லை. புதிதாக ஒன்று வாங்கியவர்கள், விளம்பரத்தில் எத்தனை மடங்கு என்று போட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டு, முதலில் ஒரு சோதனை செய்கிறார்கள். நூறு கஜத்தில் ஒரு காகிதத்தைக் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதைப் பார்த்து ஒரு குண்டு சுடுகிறார்கள். பிறகு மேல் குமிழை இருபது கிளிக் உயர்த்தி, அதே புள்ளியைப் பார்த்து இரண்டாவது குண்டு. பக்கக் குமிழை வலப்புறம் இருபது கிளிக் திருப்பி மூன்றாவது. மேல் குமிழை இருபது கிளிக் இறக்கி நான்காவது. பக்கக் குமிழை இடப்புறம் இருபது கிளிக் திருப்பி ஐந்தாவது. காகிதத்தில் ஒரு சதுரம் விழுந்திருக்கும். ஐந்தாவது குண்டு முதல் குண்டின் துளையிலேயே போய் விழுந்திருக்க வேண்டும். சற்றுத் தள்ளி விழுந்திருந்தால், டெலஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கடைக்காரருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.